சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

(பத்தாம் வகுப்பு மாணவி, வ. புதுப்பட்டி)

முன்னுரை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர் நம் பெரியோர். ஆனால் அந்தப் புல்லைப் பிடிக்கக் கை வேண்டாமா? கையிருந்தும் விரல் இல்லாதவர் என்ன செய்வார்? நடந்து போய் அதைப் பறித்துவரக் கால் இல்லாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா நூற்பாலைத் தொழிலாளி. இளம் வயதிலேயே மில்லில் சேர்ந்து, பஞ்சோடும் நூலோடும் வாழ்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு வேலையின்போது எந்திரத்தில் கை சிக்கி, வலக்கையில் மூன்று விரல்களை இழந்தார். காயம் ஆறியது. ஆனால் அந்தக் கையோடும் அந்த வயதோடும் மீண்டும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் நாங்கள் அவரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. காப்பியைக் கையில் கொடுத்தோம். துண்டை எடுத்துக் கொடுத்தோம். செருப்பைக்கூட எடுத்து வைத்தோம். இதைத்தான் அன்பு என்று நினைத்தோம். அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி நம் நாட்டின் பல மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. காயத்தைக் கட்டத் துணி நெய்யும் வட்டாரத்தில் பிறந்தவர்கள் நாம். காயம் ஆறிய பிறகு அந்த மனிதர் எதைச் செய்து பிழைப்பார் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? அதை நினைத்துப் பார்த்த ஒரு பெண்மணி நம் தமிழகத்தில் பணியாற்றினார். அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய வாழ்க்கையை என் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கேரளத்தில், கொச்சியை அடுத்த செராய் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். வசதியும் இறைப்பற்றும் மிக்க சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தபின், மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆவலோடு தமிழகத்தின் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

அவர் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் பிரசவ வேதனையில் பெண்கள் மாண்டு போவதைக் கண்டு மனம் பொறுக்காமல் மருத்துவரானவர் அவர். 1900-ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு தம் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அது வளர்ந்து பெரிய கல்லூரியாகிவிட்ட காலத்தில்தான் மேரி அங்கே மாணவியாக நுழைந்தார்.

படிப்பை நல்ல முறையில் முடித்துப் பட்டம் பெற்ற மேரி, மகப்பேறு மருத்துவத்திலும் பெண்கள் நோய் மருத்துவத்திலும் சிறந்து விளங்க விரும்பினார். ஐடா அம்மையாரின் அடிச்சுவட்டில் ஏழைத் தாய்மார்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. வேலூர் மருத்துவமனையிலேயே இளம் மருத்துவராகப் பணியில் அமர்ந்தார். கனவு கைகூடும் காலம் நெருங்கியதாகவே எல்லாரும் நினைத்தனர்.

இடியென வந்த விபத்து

1954-ஆம் ஆண்டு, உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு மேரி ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியில் வண்டி நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. பலர் காயமடைந்தனர். எல்லாரிலும் மிகுதியாக அடிபட்டவர் மேரி. முகத்தில் பெருங்காயம் ஏற்பட்டது. முதுகெலும்பும் முறிந்தது.

நம் முதுகெலும்பின் உள்ளே தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றை ஓடுகிறது. மூளையிடும் கட்டளை அதன் வழியாகத்தான் கால்களுக்குச் செல்கிறது. கால்களின் உணர்ச்சியும் அதன் வழியாகத்தான் மூளைக்கு வந்து சேர்கிறது. அது அறுபட்டால் மீண்டும் ஒட்டுவதில்லை. மேரிக்கு நேர்ந்தது அதுதான். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவர் மருத்துவர் அல்லவா? இதன் பொருள் என்னவென்று பிறர் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் அவர் இல்லை. முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், இனித் தம் வாழ்நாளில் நடக்கவே முடியாது என்பதை அறிந்துகொண்டார்.

அந்நாளில் நம் நாட்டில் இவ்வாறு அடிபட்டவர்களில் பலர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடப்பதால் படுக்கைப் புண் வரும். சிறுநீர் தடைப்பட்டுச் சிறுநீரகம் கெடும். பிழைத்தவர்களையும் வீட்டின் ஒரு மூலையில் படுக்க வைப்பதே வழக்கம். மேரியும் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பெண்கள் நோய் மருத்துவர் என்றால் அறுவைச் சிகிச்சை மேசையருகே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இனி அது முடியாது. இறைவன் தம்மை எதற்காக உயிரோடு விட்டுவைத்தார் என்று அவர் கலங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.

கைகளைச் சீராக்கிய கைகள்

இச்சமயத்தில் அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்டு. இவர் ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-ஆம் ஆண்டு வேலூருக்கு வந்து அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

தொழுநோயாளரின் விரல்கள் ஏன் மடங்கிப் போகின்றன, ஏன் தேய்ந்து குறைகின்றன என்று பிராண்டு ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றே அதுவரை உலகம் எண்ணியிருந்தது. அவரோ, நோய் நரம்பைக் கெடுப்பதால் வலி தெரியாமல் போகிறது என்பதைக் கண்டறிந்தார். வலி தெரியாதவர் சூடான பாத்திரத்தைத் தொடுவார், கூரான கருவியை இறுக்கிப் பிடிப்பார். புண் வந்தாலும் கவனிக்கமாட்டார். அந்தப் புண்களால்தான் விரல்கள் அழிகின்றன. நரம்பு கெட்டதால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தவும் அவர் ஒரு வழி கண்டார். நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைத்தார். பின்னர் பல வாரப் பயிற்சியால் அந்த விரல் மீண்டும் அசைந்தது.

இங்கே பிராண்டு எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. கை சீரான சிலர், சில காலம் கழித்து வாடிய முகத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டு பிச்சையிடவில்லை. நோயின் தழும்பைக் கண்டு வேலை தரவும் யாரும் முன்வரவில்லை. கையைச் சீராக்கினால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று பிராண்டு உணர்ந்தார். கல்லூரி வளாகத்திலேயே எளிய குடிசைகளை அமைத்து, நவஜீவ நிலையம் என்ற பெயரில் தொழிற்கூடம் தொடங்கினார். அங்கே அவர்கள் தச்சுவேலை கற்றனர். மரப் பொம்மைகள் செய்தனர். உணர்ச்சியற்ற கையைக் காயப்படுத்தாதபடி கருவிகளின் பிடிகளும் மாற்றியமைக்கப்பட்டன. கருவிக்கு ஏற்பக் கையை வளைப்பதை விட்டு, கைக்கு ஏற்பக் கருவியை மாற்றினார்கள். தோழியரே, இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் வரும்.

இந்தப் பிராண்டுதான் படுக்கையில் கிடந்த மேரிக்கு ஒரு யோசனை சொன்னார். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்ய நிற்க வேண்டும். கையில் அறுவைச் சிகிச்சை செய்யவோ உட்கார்ந்தால் போதும். நோயாளியின் கையை ஒரு சிறு மேசையின்மேல் நீட்டிவைத்து, மருத்துவர் அதன் முன் அமர்ந்துதான் அந்த நுண்ணிய வேலையைச் செய்கிறார். மேரிக்குக் கால்கள்தான் இல்லை. கண்களும் கைகளும் பழுதின்றி இருந்தன. படித்த படிப்பும் இருந்தது.

மேரி துணிந்தார். முதலில் உட்காரப் பழகினார். பிறகு சக்கர நாற்காலியைத் தாமே உருட்டப் பழகினார். தொழுநோயாளருக்கு மருத்துவம் செய்யத் தொடங்கி, படிப்படியாகக் கை அறுவைச் சிகிச்சையிலும் தேர்ந்தார். மடங்கிய விரல்கள் அவர் கையால் நிமிர்ந்தன.

நோயாளிகளிடம் அவர் வருகை செய்த மாற்றம் மருந்தாலும் ஆகாதது. தம் வாழ்வு முடிந்துபோனது என்று எண்ணிக் கிடந்தவர்கள், தம்மை நோக்கிச் சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர் வருவதைக் கண்டனர். அவர் முகத்திலும் தழும்பு இருந்தது. அவராலும் நடக்க முடியவில்லை. ஆயினும் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். இதைக் கண்டவர்களுக்கு வேறு அறிவுரை தேவைப்படவில்லை.

கடல் கடந்த கல்வி

தாம் எழுந்து உட்கார்ந்துவிட்டதோடு மேரி மனநிறைவு அடையவில்லை. தமக்குக் கிடைத்த வழி, நாட்டின் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் அவர் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறர் தூக்கிவிடாமல் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தாமே குளிப்பது, உடுப்பது போன்றவை அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டன. நமக்கு இவை சிறு செயல்கள். அவருக்கோ இவை ஒவ்வொன்றும் மீண்டும் கிடைத்த விடுதலை. காலை எழுந்து தானே உடுத்திக்கொள்ள முடிந்தவரால்தானே வேலைக்குப் போக முடியும்?

அதன்பின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார். மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் ஹோவர்டு ரஸ்க் அங்கே ஒரு புகழ்பெற்ற நிலையத்தை நடத்திவந்தார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த அனுபவம் மிக்கவர் அவர். போர்முனையில் கைகால் இழந்த இளைஞர்கள் ஊர் திரும்பி என்ன செய்வார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் மேல்நாட்டில் இந்த மருத்துவம் வேகமாக வளர்ந்தது. மேரி அங்கே தங்கி அத்துறையை ஆழ்ந்து கற்றார். குளிர்நாட்டில், தனியாக, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு தமிழகத்து மருத்துவர் மேற்படிப்புப் படித்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கேயே தங்கிவிடாமல், கற்றதோடு வேலூருக்குத் திரும்பினார்.

மறுவாழ்வு நிலையம்

1963-ஆம் ஆண்டு மேரி வர்கீஸ் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் வசதியுடன் மறுவாழ்வு மருத்துவத் துறை அமைந்தது நம் நாட்டில் அங்கேதான் முதன்முதல்.

மறுவாழ்வு மருத்துவம் என்றால் என்ன? மற்ற மருத்துவர்கள் நோய் தீர்ந்ததும் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுவாழ்வு மருத்துவரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. எந்தத் தசையில் இன்னும் வலிமை இருக்கிறது? எதைப் பயிற்சியால் வளர்க்கலாம்? எந்தக் குறையைக் கருவியால் ஈடு செய்யலாம்? இந்த மனிதர் முன்பு என்ன தொழில் செய்தார்? அதையே வேறு முறையில் செய்ய முடியுமா, அல்லது புதுத் தொழில் கற்க வேண்டுமா? இவையெல்லாம் அங்கே ஆராயப்படும். மருத்துவர் ஒருவரால் மட்டும் இது நடவாது. உடற்பயிற்சி தருபவர், தொழிற்பயிற்சி தருபவர், செயற்கைக் காலும் தாங்கியும் செய்பவர், செவிலியர், சமூகப் பணியாளர் என்று பலர் கூடித் தேர் இழுப்பதைப் போன்ற வேலை இது.

பாகாயத்துக்கு வந்தவர்கள் பல தரப்பட்டவர்கள். பனைமரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மரம் ஏறியவரால் இனி மரம் ஏற முடியாது. ஆனால் கடையில் அமர்ந்து வாணிகம் செய்ய முடியும், தைக்க முடியும், கருவிகளைப் பழுது பார்க்க முடியும். உணர்ச்சியற்ற உடம்பில் புண் வராமல் இருக்க, அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும் என்பதை அவர் மறவாமல் கற்க வேண்டும். இதைக் கற்காவிட்டால் எந்தத் தொழிலும் நிலைக்காது, உயிரே நிலைக்காது. ஆகவே, உடலைக் காக்கும் பாடமும் பிழைப்புக்கான பாடமும் ஒன்றாகவே சொல்லித் தரப்பட்டன.

மேரி வர்கீஸ் இப்பாடத்தைத் தம் வாழ்விலேயே கற்றவர். அவருக்கு ஒத்து வராத வேலையைக் கட்டாயப்படுத்தி யாரும் செய்யச் சொல்லவில்லை. அவரைச் சும்மா உட்காரவும் சொல்லவில்லை. எஞ்சியிருந்த திறமைக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுத்தார்கள். அதையே அவர் பிறருக்கும் செய்தார்.

முதுமையும் தடையல்ல

இவ்விடத்தில் இன்னொரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். டாக்டர் பால் பிராண்டின் தாயார் எவலின் பிராண்டு. கொல்லிமலையில் கணவரோடு தொண்டு செய்தவர். 1929-ஆம் ஆண்டு கணவர் நோயால் இறந்த பின்னும் தம் பணியை விடவில்லை. வயது முதிர்ந்துவிட்டது என்று கூறி, எழுபதை நெருங்கும் பருவத்தில் அவருடைய சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ ஓய்வு பெற்றதும் மீண்டும் மலைக்கே சென்றார். மட்டக்குதிரையில் ஏறியும், மூங்கில் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகப் போய் மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுத்தார். நரம்புச் சிலந்தி நோயை அங்கிருந்து விரட்டப் பாடுபட்டார். 1974-ஆம் ஆண்டு, தம் 95-ஆம் வயதில் மறையும் காலம்வரை அவர் உழைப்பு ஓயவில்லை.

மகன் மேரியின் கால்களைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தார். தாயாரோ தம் வயதைப் பார்க்காமல் மலைமக்களின் தேவையைப் பார்த்தார். உடற்குறை உடையவரையும் முதியவரையும் உலகம் ஒரே வார்த்தை சொல்லித்தான் ஒதுக்குகிறது. இனி உன்னால் ஆகாது என்பதே அந்த வார்த்தை.

சிறப்பும் மறைவும்

மேரி வர்கீஸின் தொண்டைப் பாராட்டி, 1972-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதற்கு முன்பே, 1963-ஆம் ஆண்டில், அவருடைய வரலாறு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்து பல நாட்டு மக்களின் உள்ளத்தைத் தொட்டது. விபத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சக்கர நாற்காலியில் இருந்தே வாழ்ந்த அப்பெருமாட்டி, 1986-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவர் பெயரில் வேலூரில் அமைந்த அறக்கட்டளை, உடற்குறை உடையோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் பணியில் ஈடுபட்டது. பாகாயத்தில் பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் மீண்டும் ஒன்றுகூடி விளையாடி மகிழும் மறுவாழ்வு விழாவும் அங்கே நடந்து வருகிறது.

இன்றைய நிலை

முன்பு ஊனமுற்றோர் என்று அழைக்கப்பட்டவர்களை, இன்று தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் என்று மதிப்போடு அழைக்கிறோம். பெயர் மாறியது நல்லதே. வேலையும் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் ஏதேனும் வேலையில் இருந்தவர்கள் 100-க்கு 36 பேர் மட்டுமே. பெண்களில் 100-க்கு 23 பேர்தான். அதே கணக்கின்படி 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல்.

சட்டம் தன் கடமையில் சிறிது முன்னேறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 100-க்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 ஆக உயர்த்தியது. முன்பு 7 வகைக் குறைகளே சட்டத்தில் இருந்தன. இப்போது 21 வகைகள் உள்ளன. ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் பெரும்பாலோர் அரசு வேலையில் இல்லை. மில்லிலும், தறியிலும், தீப்பெட்டித் தொழிலிலும், வயலிலும் உழைக்கிறார்கள். அங்கே சட்டத்தோடு முதலாளிகளின் நல்ல மனமும் வேண்டும்.

நல்ல மனத்தோடு முயன்றால் முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகளும் உள்ளன. வேலூரை அடுத்த காட்பாடியில், 1960-களில் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காகத் தொடங்கிய தொழிற்கூடம், பின்னர் வொர்த் அறக்கட்டளை என்ற பெயரில் வளர்ந்தது. அங்கே மாற்றுத்திறனாளிகள் வாகன உறுப்புகளையும், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் தட்டச்சுப் பொறிகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்த பொறியில் எங்கோ ஒரு பார்வையற்ற மாணவி தன் பாடத்தை எழுதுகிறாள் என்பது எவ்வளவு இனிய செய்தி! நம் ஊரிலிருந்து தென்காசிப் பக்கம் சென்றால் ஆய்க்குடி வரும். 1975-ஆம் ஆண்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981-ஆம் ஆண்டு அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தாம் அசைய முடியாதிருந்தும் ஆயிரக்கணக்கானோருக்குக் கல்வியும் பயிற்சியும் கிடைக்க வழி செய்தார்.

முடிவுரை

மேரி வர்கீஸின் வரலாற்றைப் படித்து முடித்த அன்று மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அவருக்கு இல்லாத விரல்களை நாங்கள் எத்தனையோ முறை எண்ணியிருக்கிறோம். அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை. எந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர் அவர்.

என் அம்மா வீட்டில் தையல் எந்திரம் வைத்து, பள்ளிச் சீருடைகள் தைக்கிறார். எந்திரம் அடிக்கடி நூலை அறுக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வத்திராயிருப்புக்குப் போய்ப் பழுதுபார்ப்போம். அன்று நான் அதைத் தாத்தாவின் முன் கொண்டுபோய் வைத்தேன். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். தாத்தா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சத்தத்தைக் கேட்டார். திருப்புளியைக் கையில் எடுத்தார். எஞ்சிய இரண்டு விரல்களுக்கு அதன் பிடி மெல்லியதாக இருந்ததால் நழுவி விழுந்தது. ஒரு முறை, இரண்டு முறை விழுந்தது. அவர் முகம் வாடியது.

அப்போது எனக்கு நவஜீவ நிலையம் நினைவுக்கு வந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, திருப்புளியின் பிடியில் இறுக்கிச் சுற்றி, பருமனாக்கிக் கொடுத்தேன். இந்த முறை அது நழுவவில்லை. அரைமணி நேரத்தில் எந்திரம் நூல் அறாமல் ஓடியது.

இப்போது எங்கள் தெருவில் தையல் எந்திரம் நின்றுபோனால் தாத்தாவிடம்தான் கொண்டுவருகிறார்கள். இலவசமாகச் செய்து கொடுக்கலாமே என்று அம்மா சொன்னபோது தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குக் கூலி வாங்க வேண்டும் என்றார். அந்த ரூபாய் நோட்டுகளை அவர் இடக்கையால் எண்ணிச் சட்டைப் பையில் வைக்கும்போது நிமிர்ந்து உட்கார்கிறார். பழையபடி பேசவும் தொடங்கிவிட்டார். சில சமயம் அளவுக்கு அதிகமாகவே பேசுகிறார் என்று பாட்டி குறைப்பட்டுக்கொள்கிறார்!

அன்புத் தோழியரே, நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், ஆசிரியையாகலாம், தொழில் நடத்தும் முதலாளியும் ஆகலாம். பெற்றோர்களில் பலர் இன்றே கடையும் தறியும் வைத்திருக்கிறீர்கள். நம்மிடம் ஒரு முதியவரோ மாற்றுத்திறனாளியோ வேலை கேட்டு வந்தால், அவரிடம் இல்லாததை எண்ணுமுன் இருப்பதைக் கேட்டறிவோம். தேவையானால் கருவியின் பிடியை மாற்றுவோம். ஒரு படிக்கட்டைச் சாய்தளமாக்குவோம். வேலை நேரத்தைச் சற்றுக் குறைப்போம். இரக்கப்பட்டுக் கொடுக்கும் பத்து ரூபாயைவிட, உழைப்பைப் பெற்றுக்கொண்டு கொடுக்கும் பத்து ரூபாய் அவரை நிமிர வைக்கும்.

டாக்டர் மேரி வர்கீஸ் தாம் எழுந்து நிற்காமலேயே எத்தனையோ பேரை எழுந்து நிற்க வைத்தார். அவர் காட்டிய வழியில் நடக்க, நல்ல கால்களைப் பெற்ற நமக்கு இறைவன் நல்ல மனத்தையும் அருள்வாராக!